ராணுவ விளையாட்டுப் போட்டியை நம்பி ‘சைன் ஆன்’ செய்யலாமா?

அக்கா, உங்கள் மெசேஜைப் படித்தேன். சிங்கப்பூரில் பாலி என்கிற பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், ஏர் ரைஃபிள் சுடுவதில் கெட்டி, ராணுவ வீரர்களுக்கென்றே உலகப் போட்டி நடக்கிறதாம், அதனால் என்எஸ் என்ற கட்டாய தேசிய சேவையோடு நிற்காமல் ‘சைன் ஆன்’ செய்து, அதாவது ஒப்பந்தம் போட்டு முழுநேர ராணுவ வீரனாகவே சேரப்போகிறேன் என்கிறான், அவன் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நடுவில் உங்களுக்குத் தூக்கம் போச்சு.

பையன் சொல்வது கதையில்லை. உலக ராணுவ விளையாட்டுப் போட்டி 1995இல் ரோமில் தொடங்கியது, 2007இல் ஹைதராபாத்தில் நடந்தது, 2019இல் வூஹானில் நூறு நாடுகளுக்கு மேல் வந்தன. இதை நடத்தும் பன்னாட்டு ராணுவ விளையாட்டு மன்றம் 1948இலிருந்தே இருக்கிறது. துப்பாக்கி சுடுதல் மட்டுமில்லை, தடை தாண்டி நீந்துவது, கையெறி குண்டைக் குறி பார்த்து வீசுவது என்று ஒலிம்பிக்கில் பார்க்க முடியாததெல்லாம் உண்டு. பதினெட்டு வயசுப் பையனுக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் அங்கே பதக்கம் வாங்குகிற பலர் எப்படி வந்தவர்கள் என்று பாருங்கள். நீரஜ் சோப்ராவை இந்திய ராணுவம் 2016இல் சேர்த்துக்கொண்டதே அவர் ஈட்டி எறிந்ததால்தான். ஜெர்மனியிலும் விளையாட்டு வீரர்களுக்கென்று ராணுவத்தில் தனிப் பிரிவுகள் உண்டு, பயிற்சிதான் அவர்களுக்கு வேலை. நம் ஊரில் சைன் ஆன் என்றால் முதலில் ராணுவ வேலை, விளையாட்டு அப்புறம்தான். இங்கே அவனுக்குப் பொருத்தமானது என்றால் ஆசியான் ராணுவங்களின் துப்பாக்கி சுடும் போட்டி, 1991லிருந்து நடக்கிறது. அதுவும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அல்ல, ராணுவத் துப்பாக்கி. மூச்சை அடக்குவதும் விசையை இழுப்பதும் கைகொடுக்கும், மற்றதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டும்.

‘நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்கு என்எஸ்ஸைத் தள்ளிவைத்தார்களே’ என்பான். ஒலிம்பிக் போன்ற பன்னாட்டுப் போட்டிகளில் பதக்கம் வரும் என்று கணிக்கப்படும் ஒருசிலருக்கான சலுகை அது, அவர் 2016 ஒலிம்பிக்கில் தங்கமும் கொண்டுவந்தார். உங்கள் மகன் இன்னும் பள்ளி, பாலி அளவில்தான் சுடுகிறான், தப்பாக நினைக்காதீர்கள்.

இப்போதே முடிவெடுக்க அவசரமும் இல்லை. டிப்ளோமா முடியட்டும், பிஎம்டி என்ற அடிப்படை ராணுவப் பயிற்சிக்குப் போகட்டும், என்எஸ் நடக்கும்போதே சைன் ஆன் செய்யலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குள் ஒன்றை மட்டும் அவனிடம் கேளுங்கள்: போட்டியே இல்லாத வருஷத்தில், வெயிலில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டும் கணக்கு எழுதிக்கொண்டும் இருக்கப் பிடிக்குமா? ‘பிடிக்கும்’ என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் இருக்க முடியாது.

ஆள்சேர்ப்பு அதிகாரியைப் பார்க்கப் போகும்போது ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும், எந்தப் பிரிவில் போடுவார்கள், பயிற்சிக்கு நேரம் விடுவார்களா என்று கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அவன் அப்பாவையும் கூட்டிப் போங்கள், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன் என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டு.