299 ரூபாய்க்கு அசல் சந்தன எண்ணெய் கிடைக்குமா?

கேள்வி: ‘நூறு சதவீதம் சுத்தமான சந்தன எண்ணெய்’ என்று போட்டிருந்ததை நம்பி, ஆன்லைனில் 10 மில்லி 299 ரூபாய்க்கு வாங்கினேன். மூடியைத் திறந்ததுமே கும்மென்று வாசனை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், சீக்கிரமே கறையில்லாமல் காய்ந்துவிட்டது. அசல்தானே?

பதில்: இல்லை. விலையே காட்டிக்கொடுத்துவிட்டது. சந்தன எண்ணெய் மொத்த விலையிலேயே கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. 10 மில்லி என்பது ஏறக்குறைய 10 கிராம். ஆக, உள்ளே இருக்கும் சரக்கு மட்டுமே ஆயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டும். குப்பி, வரி, கூரியர், விற்பனைத் தளத்தின் கமிஷன் எல்லாம் அதற்கு மேல். 299-க்குத் தருகிறவர் தர்மத்துக்கு ஒன்றும் தரவில்லை.

இவ்வளவு விலைக்குக் காரணம் மரத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் கிடைப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும். வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில் மணமே கிடையாது. வைரம் பாயவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நல்ல எண்ணெய்க்கு முப்பது வருடம்கூடக் காத்திருப்பார்கள். அப்புறம் கட்டையைத் தூளாக்கி, நாள் கணக்கில் நீராவியில் வடித்தால், 100 கிலோவுக்குச் சில கிலோதான் தேறும்.

காகிதச் சோதனையை விட்டுவிடுங்கள். சந்தன எண்ணெய் மிக மெதுவாகத்தான் ஆவியாகும். மற்ற வாசனைகளைப் பிடித்துவைக்க அத்தர்க்காரர்கள் இதைச் சேர்ப்பதே அதனால்தான். சட்டென்று காய்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கறை நின்றாலும் அது விளக்கெண்ணெய்க் கலப்பாக இருக்கலாம். வாசனையிலும் கவனம் வேண்டும். அசல் எண்ணெய் திறந்தவுடன் தூக்கியடிக்காது. மெல்லிதாக, பால் கலந்தாற்போல் தொடங்கி, மறுநாளும் துணியில் இருக்கும். ஆனாலும் மூக்கை ஏமாற்றுவது சுலபம். செயற்கைச் சந்தன வாசனைப் பொருட்கள் ஏராளம். ஹைட்டி நாட்டிலிருந்து வரும் அமைரிஸ் எண்ணெயை ‘மேற்கிந்தியச் சந்தனம்’ என்று விற்கிறார்கள். அந்த மரம் எலுமிச்சைக் குடும்பம், சந்தனத்துக்கு உறவே இல்லை.

நம்பக்கூடியது கேஸ் குரோமட்டோகிராஃபி அறிக்கைதான், அதாவது எண்ணெயில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்லும் ஆய்வக அறிக்கை. சந்தன மணத்துக்கு முக்கியக் காரணமான வேதிப்பொருள் சான்டலால். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3518-ன்படி ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சான்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். விற்பவரிடம் அறிக்கையைக் கேளுங்கள். வந்ததும், அதிலுள்ள பேட்ச் எண்ணும் குப்பியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு பல பேட்ச் விற்பவர்களும் உண்டு.

லேபிளில் ‘சாண்டலம் ஆல்பம்’ என்ற, நம் ஊர்ச் சந்தனத்தின் தாவரப் பெயர் வேண்டும். ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’, ‘பெர்ஃப்யூம் ஆயில்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் வெறும் வாசனைதான். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சந்தனாதி தைலம் வேறு. அது நல்லெண்ணெயில் காய்ச்சியது.

கேள்வி: சரி, இப்போது பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? ‘திறந்த குப்பியை எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: தாராளமாகக் கேட்கலாம். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால், விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. திறக்காமல் எண்ணெயை எப்படிச் சோதிப்பதாம்? ‘நூறு சதவீதம் சுத்தமான’ என்று போட்ட பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். முதலில் எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகாரைப் போட வேண்டும். 299 ரூபாய்க்காக ஆணையம் வரை போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. 1915-க்கு அழைப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: ‘ஆஸ்திரேலியச் சந்தனம்’ என்று போட்டால் போலியா?

பதில்: போலி இல்லை. ஆனால் எது என்று பாருங்கள். அந்த நாட்டுக்கே உரியது சாண்டலம் ஸ்பிகேட்டம். சான்டலால் குறைவு, வாசனையும் கொஞ்சம் காரம். நம் ஊர் இனத்தையும் அங்கே கனனரா பகுதியில் தோட்டமாக வளர்க்கிறார்கள், அது ஆல்பம்தான். ஸ்பிகேட்டத்துக்கு ஆல்பம் விலை கேட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: பூஜைக்கு உரைக்க ஒரு சந்தனக் கட்டை. மலைக்கோயில் அடிவாரத்தில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் ஏதோ ஒரு வெளிர்மரத்தில் செண்ட் ஊறவைத்தது. நன்றாக உரைத்துப் பாருங்கள். மேல்தோல் போனதும் மணமும் போய்விடும். அசலாக இருந்தால்தான் இன்னும் சிக்கல். சந்தனக் கட்டை வைத்திருப்பதற்கு வனச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. பில் இல்லாத கட்டை எந்தக் காட்டில் வெட்டியது என்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெங்களூரிலுள்ள காவேரி போன்ற அரசு எம்போரியத்தில் பில்லோடு சிறு துண்டாக வாங்குங்கள்.