மழையில் ஊமையாகும் ஹாரன்

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 ஸ்கூட்டர். மழையில் நனைந்தால் செல்ஃப் எடுக்காது, ஹாரனும் அடிக்காது. ஒரு நாள் வெயிலில் நின்றால் தானாகச் சரியாகிவிடும். வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர்களை மெக்கானிக் டேப் சுற்றிக் கொடுத்தார்; பலனில்லை. எல்லாக் கப்ளரிலும் கிரீஸ் அடைத்துவிடலாமா? – ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் அந்த டேப்பைப் பிரித்துவிடுங்கள். வெயிலில் அதன் பசை இளகும், ஓரம் விலகும். நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கப்ளருக்குள் வயர் முனையில் இருக்கும் உலோகப் பின்னில் 12 வோல்ட் இருக்கும்போது ஈரம் நின்றால், பாசிட்டிவ் பக்கச் செம்பு மளமளவென்று அரித்துப் பச்சைக் களிம்பு பூக்கும்.

செல்ஃபும் ஹாரனும் சேர்ந்தே படுக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஹேண்டில் சுவிட்ச் வயர்கள் வந்து சேரும் முன்கவர் கப்ளரில் தொடங்குங்கள். அடுத்து, நெகட்டிவ் வயரை வண்டியின் சட்டத்தோடு சேர்க்கும் எர்த் போல்ட். வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஹாரனை அழுத்தியபடி, ஒரே வயர் கப்ளருக்குள் போகும் பக்கத்திலும் வெளிவரும் பக்கத்திலும் முனைகளை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பின் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான். வண்டி காய்ந்திருக்கும்போது இதைச் சோதித்துப் பயனில்லை. நனைந்த அன்றே பாருங்கள்.

கப்ளரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். பூட்டை அழுத்திப் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரை இழுக்கக் கூடாது. மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அரை மணி நேரம் உலர விடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் வெள்ளீயப் பூச்சு உரிந்தால் களிம்பு இன்னும் சீக்கிரம் வரும். குழி விழுந்த பின்னையும், பிடிப்பு தளர்ந்த பெண் பின்னையும் (எதிர்ப் பின் நுழையும் துளையுள்ளது) மாற்றத்தான் வேண்டும். வயரின் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுப் பின் அடியுங்கள். தண்ணீர் வயர் இழைகளின் வழியாகவும் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறும். கப்ளரின் வாயை மட்டும் அடைத்தால் போதாது என்பது இதனால்தான்.

இனி கிரீஸ். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே கூடாது, சில ரப்பர் சீல்களை அது ஊதவைத்துவிடும். டைஎலக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள். அதில் கரன்ட் பாயாது. ஆனாலும் பின்கள் இறுகப் பொருந்தும்போது தொடுமிடத்திலிருந்து அது விலகிவிடும் என்பதால் பயமில்லை. ரப்பர் சீலிலும் கப்ளரின் உள்விளிம்பிலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். பின்னுக்கு ஒரு குண்டூசித் தலையளவு போதும். பொத்திப் பொத்தி அடைத்தால் கப்ளர் முழுதாகப் பூட்டாது. சைலன்ஸர் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் கப்ளரைத் தொடவே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று பல சென்சார்களுக்கு வயர் வழியாகத்தான் போகிறது. கிரீஸ் அந்த வழியை அடைத்துவிடும்.

காலியாக இருக்கும் பின் துளைகளுக்கு அடைப்பான் போடுங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் பசையை அங்கே பிதுக்காதீர்கள், அந்த அமிலமே செம்பைத் தின்னும். வயரை கப்ளருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால், வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத வேலை, ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது இன்ஜின் ஆறிய பிறகு கழுவச் சொல்லுங்கள். சூடான கப்ளர் சட்டென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஒட்டியிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன்கவர் இடுக்கில் பிரஷர் பைப்பை நேராக நீட்டவும் வேண்டாம். வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் சாவியே போடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.