ஸ்பெயின் நாட்டுப்புறப் பாட்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிட்டு தன் பேரைப் போட்டுக்கறது திருட்டு இல்லையா?

நீங்க ஸ்பெயின் இசையமைப்பாளர் மானுவல் தெ ஃபாயாவோட ‘மும்முனைத் தொப்பி’ங்கற பாலே நாட்டியத்துலேர்ந்து எடுத்த ரெண்டாம் சூட்டை (இசைத் தொகுப்பை) கேட்டிருப்பீங்க, பக்கத்துல யாராவது "இதெல்லாம் ஊர்ப்பாட்டு, இவர் புதுசா என்ன பண்ணிட்டாரு"ன்னு சொல்லியிருப்பாங்க. என்கிட்டயும் சொன்னாங்க, அதான் எழுதுறேன். நான் மியூசிக் காலேஜ்ல படிச்சவ இல்ல, லண்டன்ல ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரால செகண்ட் வயலின், அவ்வளவுதான். ஆராய்ச்சி பண்ணவங்க திருத்தினா ஏத்துக்கறேன்.

பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள மூணு நடனம்: செகிடியா, ஃபர்ரூக்கா, ஹோட்டா. நடுவுல வர்ற ஃபர்ரூக்காதான் எங்களைப் படுத்தி எடுத்துச்சு. முதல்ல ஹார்ன்ங்கற பித்தளை ஊதுவாத்தியம் தனியா ஒரு குரல் குடுக்கும், அப்புறம் ஓபோ மாதிரி இருக்கற இங்லிஷ் ஹார்ன், அதுக்கப்புறம் நாங்க எல்லாரும் சேர்ந்து தடார் தடார்னு இறங்கணும், ஒவ்வொரு அடிக்கும் வில்லைத் தூக்கித் தூக்கி மேலேர்ந்து கீழ இழுக்கணும். மூணு வாரம் தோள்பட்டை வலி. கண்டக்டர் "கையில இருக்கறது வயலின்னு மறந்துடுங்க, கிதார்"னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. ட்யூன் ஊர்ல கிடைக்கும்ங்க, ஒருத்தர் நகத்தால கிதார் தந்தியை சரசரன்னு உரசுற அந்தச் சத்தத்தை ஒரு மேடை நிறைய வயலின்காரங்க கைக்குக் கொண்டுவர்றது எந்த ஊர்லயும் கிடைக்காது. ஃபாயா தெற்கு ஸ்பெயின்ல காதிஸ்ல பொறந்தவர், இதைக் கேட்டு வளர்ந்தவர். பாலே கதைல மில்காரர் பொண்டாட்டி வடக்கு ஸ்பெயின்ல நவாராப் பக்கம், ஹோட்டா அந்தப் பக்கத்து ஆட்டம், அதனாலதான் அவளுக்கு ஹோட்டா. இவ்வளவு யோசிச்சு வெச்சவரைத் திருடன்னு சொன்னா எனக்குக் கோவம் வருது.

யாருக்காவது அநியாயம் நடந்துச்சுன்னா அது ஃபெலிக்ஸ் ஃபெர்னாண்டஸ் கார்ஸியாவுக்கு. இந்த பாலேவை மேடையேத்தின ரஷ்ய பாலே குழுத் தலைவர் தியாகிலெவ் 1917 வாக்குல ஸ்பெயின்ல கண்டுபிடிச்ச ஃபிளமெங்கோ (தெற்கு ஸ்பெயின் நடனம்) ஆட்டக்காரர். அந்தக் குழுவோட நடனக்காரர், நடன அமைப்பாளர் மாஸீனுக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக்குடுத்தது ஃபெலிக்ஸ்தான். லண்டனுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, முக்கிய வேஷம் தனக்குத்தான்னு நம்பி வந்தார்னு சொல்வாங்க. அரங்கேற்றத்துக்கு முன்னாடியே மனசு உடைஞ்சு, ஒரு சர்ச்சுல ஆடிட்டிருந்தவரைப் பிடிச்சாங்க. 1919 ஜூலை 22 லண்டன் அல்ஹாம்ப்ரா தியேட்டர்ல நடந்த அந்த அரங்கேற்றத்துல பிக்காசோ வரைஞ்ச திரைக்கு முன்னாடி மாஸீன் ஃபர்ரூக்கா ஆடி பெரிய பேர் வாங்கினார். ஃபெலிக்ஸ் லண்டனுக்குப் பக்கத்துல எப்ஸம் மனநல மருத்துவமனைலயே இருந்து 1941ல செத்துப்போனார்.

எங்க கச்சேரிக்கு நிகழ்ச்சித் தாள்ல குறிப்பு எழுதச் சொன்னாங்க, இவரைப் பத்தி ரெண்டே வரி எழுதினேன். இடம் இல்லன்னு வெட்டிட்டாங்க. ஆனா கார் பார்க்கிங் விவரத்துக்கு அரைப் பக்கம் இருந்துச்சு, டீ, கேக் விலை வேற. நான் சண்டைக்காரி இல்ல, ஆனா அன்னிக்கு அந்தத் தாளைக் கையில வெச்சுக்கிட்டு வயலின் வாசிக்கவே மனசு வரல.

வெட்டின வரி இதுதான்: "இந்த ஃபர்ரூக்காவின் அடிகளை மாஸீனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஃபெலிக்ஸ் ஃபெர்னாண்டஸ் கார்ஸியா. இந்த மேடையிலிருந்து சில மைல் தூரத்தில், தான் ஆடாத நடனம் புகழ்பெற்ற பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவர் அடைபட்டிருந்தார்."