மலிவுக் கடையா, பெரிய கடையா? பிரித்தானியாவில் சாமான் வாங்குவோருக்கான கேள்வி பதில்

இலண்டனில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டில் 9 ஆண்டுகளும், அதன் பின்னர் ஒரு மலிவுக் கடையில் 11 ஆண்டுகளும் நான் வேலை செய்திருக்கிறேன். இரண்டையும் உள்ளே நின்று பார்த்தவள் என்பதால், சாமான் வாங்குவது பற்றி நீங்கள் கேட்பவற்றுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். தட்டில் ஒட்டியுள்ள விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பொதியின் விலை. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பது ஒரு கிலோவின் விலை, அல்லது 100 கிராமின் விலை. அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்.

கேள்வி (குறொய்டன்): நாங்கள் வந்து நான்கு மாதம் ஆகிறது, அக்கா. அல்டியிலும் லிடிலிலும் விலை இவ்வளவு குறைவாக இருப்பது ஏன்? தரம் குறைந்த சாமானா?

பதில்: தரம் குறைவு என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நெடுங்காலமாக உண்டு. அதனால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இரண்டும் ஜெர்மனியில் பிறந்த கடைகள். எசன் நகரில் தாய் நடத்திவந்த சிறிய கடையைப் போருக்குப் பின்னர் பொறுப்பேற்ற கார்ல், தியோ அல்பிறெக்ட் என்ற சகோதரர்களே அல்டியை உருவாக்கினார்கள். கடையில் சிகரெட் விற்பதா இல்லையா என்பதில் உடன்பாடு வராமல் 1961 அளவில் இருவரும் வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிரித்தானியாவில் இருப்பது தெற்குப் பிரிவு. 1990இல் அது பேர்மிங்காமில் முதற்கடையைத் திறந்தது. லிடில் 1994இல் வந்தது. ஏழைகளின் கடை என்று ஒதுக்கப்பட்ட அல்டி, 2022இல் மொரிசனைப் பின்தள்ளி நாட்டின் நான்காவது பெரிய சுப்பர்மார்க்கெட்டாகியது. தரமில்லாத சாமானை விற்று 30 ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வரமுடியாது.

விலை குறைவதற்கான காரணம் கடை நடத்தும் முறையில் இருக்கிறது. ரெஸ்கோ என்ற சுப்பர்மார்க்கெட்டின் பெரிய கடை ஒன்றில் 20,000க்கும் மேற்பட்ட வகைச் சாமான்கள் இருக்கும். அல்டியில் ஏறத்தாழ 2,000 தான். ரெஸ்கோவில் தக்காளிச் சோஸ் பத்து வகை என்றால் இங்கே ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றை முழு நாட்டுக்குமாக மொத்தமாக வாங்கும்போது விலை இறங்குகிறது. பெரும்பாலானவை கடையின் சொந்தப் பெயரில் வருவதால் விளம்பரச் செலவும் இல்லை. மீதிச் சேமிப்பு வேலையாட்களான எங்கள் உடலுழைப்பிலிருந்து வந்தது. பெரிய கடையில் நான் தக்காளி ரின்களை ஒவ்வொன்றாக எடுத்து, முகப்பு வெளியே தெரியும்படி அடுக்கினேன். மலிவுக் கடையில் அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்துவிட்டு, பெட்டியோடு தூக்கித் தட்டில் தள்ளினேன். பொதிகளைக் கவனித்தீர்களானால் பார்கோட் ஒரு மூலையில் ஒளிந்திருக்காது. பல பக்கங்களில், நீளமாக அச்சடித்திருக்கும். காசாளர் பொதியைத் திருப்பித் திருப்பித் தேடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒரே ஆள் காலையில் பெட்டி இறக்கி, பத்து மணிக்கு ரில்லில், அதாவது காசு வாங்கும் மேசையில், உட்கார்ந்து, பின்னேரம் தரை துடைப்பார். குறைவது தெரிவும் ஆட்களும்தான். வரிசையில் நீங்கள் அதிக நேரம் நிற்க நேரலாம்.

கேள்வி (ஹரோ): ரெஸ்கோவின் கிளப்காட் என்ற வாடிக்கையாளர் அட்டை இல்லாதவர்களுக்கு ஒரு விலை, உள்ளவர்களுக்கு ஒரு விலை என்பது ஏமாற்று வேலை இல்லையா? முதலில் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு குறைத்துக் காட்டுகிறார்கள் என்று சொல்கிறார்களே?

பதில்: அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. போட்டி, சந்தைகளுக்கான அரச அதிகாரசபை இதை ஆராய்ந்து 2024 நவம்பரில் முடிவை வெளியிட்டது. அட்டை விலையில் விற்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பொருள்களைப் பார்த்ததில், 92 சதவீதமானவற்றில் வழமையான விலையோடு ஒப்பிட உண்மையான குறைப்பு இருந்தது. ஆகவே ரெஸ்கோவிலோ செயின்ஸ்பரியிலோ வாங்குபவர் அட்டை எடுக்காமல் இருப்பது வீண் நட்டம். ஆனால் அதே அறிக்கை, அட்டை விலைதான் எப்போதும் சந்தையில் ஆகக் குறைந்த விலை என்று எண்ணிவிடக் கூடாது என்றும் சொன்னது. மஞ்சள் நிறத்தில் அட்டை விலை கண்ணைப் பறிக்கும்போது, அதன் கீழே கிலோ விலை எவ்வளவு என்று பாருங்கள். சொந்தப் பெயர்ப் பொதி பக்கத்திலேயே அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். நீங்கள் வாங்குபவற்றின் விவரம் நிறுவனத்துக்குப் போகிறது என்பதும் உண்மைதான். அதற்கு உடன்படாதவர்கள், எந்த அட்டையும் கேட்காத அல்டிக்குப் போகலாம்.

கேள்வி (மில்ட்டன் கீன்ஸ்): அல்டி மலிவா, லிடில் மலிவா?

பதில்: ஒரு வாரம் இது, மறுவாரம் அது. வித்தியாசம் மிகச் சிறியது. வீட்டுக்குக் கிட்ட இருப்பதற்குப் போங்கள்.

கேள்வி (இல்ஃபோர்ட்): எல்லாம் ஒரே தொழிற்சாலையில் செய்து வேறு வேறு பெயர் ஒட்டுகிறார்கள் என்பது மெய்யா?

பதில்: சிலவற்றில் மெய், அதை நீங்களே பார்க்கலாம். பால், தயிர், வெண்ணெய், இறைச்சி போன்றவற்றின் பொதியில் முட்டை வடிவக் கோடு ஒன்றும், அதற்குள் நாட்டைக் குறிக்கும் எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் பொதி செய்யப்பட்ட நிலையத்துடையது. லிடில் பால்போத்தலையும் பெரிய கடையின் பால்போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒன்றென்றால் இடம் ஒன்று. ஆனால் இடம் ஒன்று என்பதால் செய்முறையும் ஒன்று என்று ஆகாது. தயிரில் கொழுப்பு எவ்வளவு, தேங்காய்ப்பால் ரின்னில் தேங்காய் எத்தனை வீதம், கோழிப்பொதியில் கோழி எத்தனை வீதம் என்பதைப் பின்பக்கத்தில் படியுங்கள். தேங்காய்ப்பாலில் தேங்காய் வீதம் பாதியாக இருந்தால் அந்த மலிவு மலிவே இல்லை. சொதி வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

கேள்வி (ரெடிங்): ரெஸ்கோவில் அல்டி விலைக்கே விற்பதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அல்டிக்கு ஏன் போகவேண்டும்?

பதில்: அந்த ஏற்பாட்டை ரெஸ்கோ 2020இலும் செயின்ஸ்பரி அடுத்த ஆண்டிலும் தொடங்கின. அடையாளம் ஒட்டிய சில நூறு பொருள்களுக்குத்தான் அது பொருந்தும். கூடையில் உள்ள மற்றவற்றுக்கு இல்லை. அந்த அடையாளம் உள்ளவற்றை மட்டுமே வாங்கி வெளியே வரும் மன உறுதி உங்களிடம் இருந்தால் இரண்டாவது கடைக்குப் போகத் தேவையில்லை. நான் கண்ட வாடிக்கையாளர்களில் அப்படி வந்தவர்கள் சிலரே.

கேள்வி (சதுக்): அக்கா, லிடில் நல்லதா, அல்டி நல்லதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், கிட்ட இருப்பது. இந்தக் கடைகளின் நடு வரிசையில் வியாழனும் ஞாயிறும் வந்து குவியும் துளைபோடும் இயந்திரமும் கூடாரமும் உங்கள் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பருப்பில் மிச்சம் பிடித்த காசு அங்கேதான் போகிறது.

கேள்வி (ஈஸ்ட்ஹாம், கடை உரிமையாளர்): தங்கச்சி, நான் 22 வருடமாகக் கடை நடத்துகிறேன். உங்கள் ஆலோசனையைக் கேட்டு எங்கள் சனம் அரிசி, எண்ணெய், சீனி, பால் எல்லாவற்றையும் ஜெர்மன்காரனிடம் வாங்கிவிட்டு, கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் மட்டும் என்னிடம் வருகிறது. வந்த புதிதில் கடன் கொடுத்தது நாங்கள். விசாக் கடிதம் வாசித்துக் காட்டியதும் நாங்கள்தான். இதையும் எழுதுங்கள்.

பதில்: அண்ணா, எழுதத்தான் வேண்டும். 1998இல் நான் வந்து இறங்கிய மூன்றாம் நாள், கையில் காசில்லாமல் நின்றபோது ஒரு தமிழ்க்கடைக்காரர் கொப்பியில் பெயரெழுதி ஐந்து கிலோ அரிசி தந்தார். எந்த லிடிலும் அதைச் செய்யாது.

ஆனால் கணக்கை மறைத்தால் எனக்கு முன்னால் கேள்வி கேட்டிருக்கும் குடும்பங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். நீங்கள் மொத்த விற்பனைக் கிட்டங்கியில் பால் வாங்கும் விலை, சில வாரங்களில் லிடிலின் தட்டு விலையைவிடக் கூட. அது உங்கள் குற்றமில்லை. அவர்கள் வாங்கும் அளவில் உங்களால் வாங்கமுடியாது. ஆகவே பாலிலும் சீனியிலும் அவர்களோடு மோதவேண்டாம். அவர்களால் தொடமுடியாதவை உங்களிடம் இருக்கின்றன: மொட்டைக்கறுப்பன், சம்பா போன்ற அரிசிகள், 20 கிலோப் பை, வறுத்த கறித்தூள், விளைமீன், அரைக்கிலோவாகவும் கால்கிலோவாகவும் நிறுத்துத் தரும் வசதி. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

இடையே ஒரு வாசகி (வெம்பிளி): அண்ணர் சொல்வது சரி. ஆனால் பல தமிழ்க்கடைகளில் விலையே ஒட்டுவதில்லை. ரில்லுக்குக் கொண்டுபோனால் ஆளைப் பார்த்துச் சொல்வதுபோல இருக்கிறது. கேட்கவும் கூச்சம்.

கடை உரிமையாளர்: எல்லாரையும் ஒரு தட்டில் வைக்காதீர்கள். இரண்டு பேர் நிற்கும் கடையில் ஆயிரம் சாமானுக்கு யார் சீட்டு ஒட்டுவது?

பதில்: இந்த இடத்தில் நான் வெம்பிளித் தங்கச்சியின் பக்கம். கிலோ விலை காட்டவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து 280 சதுர மீட்டருக்கு உட்பட்ட கடைகளுக்கு விலக்கு உண்டு. விற்பனை விலையைக் காட்டுவதிலிருந்து விலக்கு இல்லை. அண்ணா, ஆயிரம் சாமானுக்கு வேண்டாம், அரிசி, பருப்பு, தூள், எண்ணெய் என்று நாற்பதுக்கு மட்டும் கிலோ விலையோடு எழுதி ஒட்டிப் பாருங்கள். மைசூர்ப் பருப்பின் இரண்டு கிலோப் பையில் நீங்கள் பெரிய கடைகளை வெல்வது அப்போதுதான் சனத்துக்குத் தெரியும். விலை தெரியாததால் கூச்சப்பட்டு வாங்காமல் திரும்பும் ஆள், மறுமுறை உங்கள் வாசலுக்கே வரமாட்டார்.

விலைச்சீட்டில் பெரிய கடைகளும் சுத்தமில்லை. சென்ற ஆண்டு ஒரு பெரிய கடையில் நெய் வாங்கினேன். தட்டில் ஒரு விலை, பற்றுச்சீட்டில் அதைவிட ஒரு பவுணுக்கு மேல் கூட. படம் எடுத்துக் காட்டிய பிறகே திருப்பித் தந்தார்கள். வாசலைத் தாண்டுமுன் பற்றுச்சீட்டைப் படியுங்கள்.

இன்னொருவர் (ரூட்டிங்): கடைக்காரர்கள் லிடிலில் சலுகை வந்தால் அள்ளிக்கொண்டுபோய்த் தங்கள் கடையில் விற்கிறார்களே, அதைப் பற்றி?

கடை உரிமையாளர்: விற்கிறோம். கிட்டங்கியைவிட அங்கே மலிவென்றால் வேறு என்ன செய்வது?

பதில்: அண்ணர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். நான் ரில்லில் இருந்தபோது ஓர் ஆளுக்கு இத்தனை என்று எல்லை வைத்ததும் இதனால்தான். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம். காத்திருக்கும் கேள்விகள் பல.

கேள்வி (லூட்டன்): எங்கள் தெருவில் ரெஸ்கோ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெரிய ரெஸ்கோவின் அதே விலைதானே?

பதில்: இல்லை. பல சாமான்கள் அங்கே கூட விலை, மலிவான சொந்தப் பெயர்ப் பொதிகளும் குறைவு. காரில்லாதவர்களும் முதியவர்களும்தான் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆறாத மனவருத்தம். மாதத்தில் இருமுறையாவது யாருடனாவது சேர்ந்து பெரிய கடைக்குப் போய்ப் பாரமான சாமானை வாங்கிவிடுங்கள்.

கேள்வி (ஸ்லவ்): திகதி முடியும் தறுவாயில் விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டிய சாமான் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். “இத்திகதிக்குள் பயன்படுத்துக” என்றிருந்தால் அன்றே சமையுங்கள், அல்லது உறைபெட்டியில் வையுங்கள். திகதி கடந்தால் சாப்பிடக்கூடாது. “இத்திகதிக்கு முன் சிறந்தது” என்பது சுவையைப் பற்றியது மட்டும்.

கேள்வி (கவென்ட்ரி): நீரிழிவுக்காரருக்கு எந்த அரிசி நல்லது?

பதில்: அதை உங்கள் மருத்துவரிடமோ உணவியல் ஆலோசகரிடமோ கேளுங்கள்.

கேள்வி (வட்போர்ட்): அல்டி, லிடில் இரண்டில் எது…

பதில்: இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன். மேலே பாருங்கள். கிலோ விலையையும் பாருங்கள்.

கேள்வி (லெஸ்டர், மாணவர்): அக்கா, வாரத்துக்கு 25 பவுண்தான் சாப்பாட்டுக்கு ஒதுக்கமுடியும். சமைக்கவும் இப்போதுதான் பழகுகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, 25 பவுணில் வயிறு நிறையச் சாப்பிடலாம். முதலில் அரிசி. பெரிய கடைக்குள் உலக உணவுகள் என்று ஒரு வரிசை தனியாக இருக்கும். அரிசி, பருப்பு, மஞ்சள், சீரகம் எல்லாம் அங்கே பெரிய பையில், கிலோவுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். அதே சீரகம் ஆங்கிலச் சமையல் வரிசையில் சின்னக் கண்ணாடிப் போத்தலில் பலமடங்கு விலைக்கு நிற்கும், அதைத் தொடவேண்டாம். லெஸ்டரில் பெல்கிரேவ் பக்கம் இந்தியக் கடைகள் நிறைய உண்டு, தூள்வகைகளை அங்கேயும் விசாரியுங்கள். அரிசியையும் தூளையும் ஒருமுறை வாங்கினால் பல வாரம் போகும், அந்த வாரம் மட்டும் கை இறுகும்.

பிறகு வாராவாரம் மலிவுக் கடைக்குப் போய் முட்டை, பால், தயிர், வெண்காயம், கரட், கோவா, உறைந்த கீரை, சாடின் ரின் இரண்டு, ஒரு முழுக்கோழி என்று எழுதிக்கொண்டு வாங்குங்கள். எலும்பில்லாத நெஞ்சுத்துண்டுகளைவிட முழுக்கோழி கிலோவுக்குக் குறைவு. வெட்டிப் பாதியைக் கறிவைத்து, மீதியை உறைபெட்டியில் வையுங்கள். சாடின் ரின்னில் வெண்காயமும் பச்சைமிளகாயும் பழப்புளியும் போட்டால் 20 நிமிடத்தில் குழம்பு. உறைந்த கீரையைப் பருப்போடு கடையலாம். பசியோடு கடைக்குப் போகவேண்டாம்.

வீட்டில் உங்களோடு சோறு சாப்பிடும் மாணவர்கள் வேறு இருந்தால் 10 கிலோப் பையைப் பங்கு போட்டு வாங்குங்கள். பையை அடுப்புக்குக் கீழே ஈரம் படும் இடத்தில் வைக்காமல், மூடியுள்ள வாளி ஒன்றில் கொட்டி வையுங்கள்.