கடல் பாக்டீரியாவில் அழற்சி மருந்தா? வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு முழங்கால் வலி. கடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மாத்திரை கடையில் கிடைக்குமா?

கிடைக்காது. அழற்சிக்கென்று, அதாவது உடல் சிவந்து வீங்கி வலிப்பதற்கென்று, அப்படி ஒரு மாத்திரை இன்னும் வரவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். அம்மாவை எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் எதை வைத்துக் கடல் பாக்டீரியாவின் பொருள்கள் ‘அழற்சியைக் குறைக்கும்’ என்கிறார்கள்?

பெரும்பாலும் எலியின் காதை வைத்து! ஃபோர்பால் எஸ்டர் என்ற எரிச்சலூட்டும் பொருளைக் காதில் தடவினால், சில மணி நேரத்தில் அது சிவந்து தடித்துவிடும். சோதிக்கும் மருந்தையும் சேர்த்துத் தடவி, வீக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். ஃபுளோரிடா கடலில் தலைகீழாகக் கிடக்கும் ஒரு ஜெல்லிமீனின் மேல் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா கொடுத்த சாலினமைடும், கரீபியப் பழுப்புப் பாசியில் வாழ்ந்த பாக்டீரியா கொடுத்த லோபோஃபோரினும் இந்தக் காதுச் சோதனையில் தேறியவைதான். காதில் தேறியது முழங்காலில் தேறும் என்று சொல்லிவிட முடியாது.

நம் வீக்கத்தைப் பற்றி பாக்டீரியாவுக்கு என்ன கவலை?

ஒரு கவலையும் இல்லை. அது தன் பிழைப்புக்குச் செய்யும் பொருள், நம் செல்லில் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. பஹாமாஸ் கடலடிச் சேற்றில் கிடைத்த சாலினிஸ்போரா டிராபிகாவைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம், ஆய்வுக்கூடத்திலும் கடல்நீர் கலந்து கொடுத்தால்தான் வளருவேன் என்று அடம்பிடித்த கிருமி. அதிலிருந்து ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வில்லியம் ஃபெனிகல் குழு 2003இல் வெளியிட்டதுதான் சாலினோஸ்போரமைடு ஏ என்ற பொருள்.

நம் செல்லில் அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி புரதத்தை இன்னொரு புரதம் கட்டிப்போட்டிருக்கும். புரோட்டியசோம் என்ற அரவை மெஷின் அந்தக் கட்டிப்போட்ட புரதத்தை அரைத்துவிட்டால் அழற்சி கிளம்பும். சாலினோஸ்போரமைடு மெஷினையே நிறுத்திவிடுகிறது. ஆனால் எல்லாச் செல்லுக்கும் அந்த மெஷின் வேண்டுமே! மூட்டு வலிக்காக அதை நிறுத்துவது ரொம்ப அதிகம். அது மாரிசோமிப் என்ற பெயரில் புற்றுநோய்ப் பக்கம்தான் போனது. மூளைக்கட்டிக்கான பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை.

மீன் எண்ணெயும் இதுவும் ஒன்றா?

இல்லை. மீன் எண்ணெயில் இருப்பது கொழுப்பு அமிலம், சங்கதியே வேறு.

இத்தனை வருஷ ஆராய்ச்சி வீண்தானா?

அப்படிச் சொல்ல மாட்டேன். இன்னொரு கடல் பாக்டீரியா கொடுத்த சைக்ளோமரினை 1999இல் அழற்சி எதிர்ப்புப் பொருளாகத்தான் அறிவித்தார்கள். 2011இல் அது காசநோய்க் கிருமியின் கிளிப்சி1 புரதத்தைப் பிடித்துக் கொல்வது தெரிந்தது. இப்போது அதைப் பற்றிய பேச்சில் காசநோய்தான் முன்னால் நிற்கிறது. எலியின் காதை யாரும் நினைப்பதில்லை.