உப்புமா வேண்டாம், ஆமென் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். சிறு பிள்ளைகளை வளர்க்கும் நாட்களின் சந்தோஷத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஐந்து வயதில் மகள், மூன்று வயதில் மகன். உண்மையைச் சொன்னால், சந்தோஷத்தைவிடக் குற்ற உணர்வுதான் அதிகம். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் அவள் சிரிக்கிறாள், இவன் பாட்டுப் புத்தகத்தைக் கிழிக்கிறான். நேற்று அவனை ஜெபிக்கச் சொன்னால், "இயேசப்பா, நாளைக்கு உப்புமா வேண்டாம், ஆமென்" என்று முடித்துவிட்டான். அதட்டினேன், அழுதுவிட்டான். "எங்க காலத்துல பிள்ளைங்க முழங்கால்ல நின்னா அசையாது" என்கிறார் அத்தை. கல்யாணத்துக்கு முன்பு தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசிப்பேன். இப்போது ஒரு சங்கீதம் முழுதாக வாசிக்க முடிவதில்லை. நீங்கள் சொல்லும் சந்தோஷம் எங்கே இருக்கிறது அக்கா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

அந்த உப்புமா ஜெபத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்று வயதுப் பிள்ளை, அன்றைக்குத் தன் மனதில் இருந்ததிலேயே பெரிய விஷயத்தை, கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்பிச் சொல்லியிருக்கிறான். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் என்ன தப்பு? நீங்கள் தேடுகிற சந்தோஷம் அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளின் ஜெபத்தைத் திருத்தாதீர்கள். திருத்தினால் சீக்கிரமே நம்மைப் போலப் பேசக் கற்றுக்கொள்வார்கள். "பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், அப்பாவை ஆசீர்வதியும், அம்மாவை ஆசீர்வதியும்" என்று அழகாக வரும். மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பது அப்புறம் நமக்குத் தெரியாமலே போய்விடும். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு ராத்திரி, "இயேசப்பா, தண்ணி டேங்க்கோட மூடியை நல்லா மூடி வைங்க" என்று ஜெபித்தாள். மறுநாள் மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில்தான் தெரிந்தது, மொட்டைமாடித் தொட்டிக்குள் தம்பி விழுந்துவிடுவானோ என்று பல நாளாகப் பயந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய், மூடியை அவள் கையாலேயே தொட்டுப் பார்க்க வைத்தேன். அன்று ராத்திரி, "தேங்க்யூ இயேசப்பா, மூடி டைட்டா இருக்கு" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த நிறைவு பெரிய கூட்டங்களில் உட்கார்ந்து ஜெபித்தபோதும் இருந்ததில்லை.

உபாகமம் ஆறாம் அதிகாரம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லிவிட்டு, எப்போது பேச வேண்டும் என்றும் அங்கே சொல்லியிருக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும். நாள் முழுக்க நாம் செய்கிற காரியங்கள்தானே இவை? தலை பின்னும்போது, வேனுக்குக் காத்து நிற்கும்போது, தூங்க வைக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அந்தப் பத்து நிமிஷம் சரியாக அமையவில்லை என்பதற்காக முழு நாளையும் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் கோயில் விளையாட்டு விளையாடுகிறார்களா? அப்பாவின் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டு ஒருத்தி ஐயராக, அதாவது சபைப் போதகராக, ஆகிவிடுவாள். பிளாஸ்டிக் நாற்காலிதான் பிரசங்க பீடம். சின்னவன் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டிக் காணிக்கை எடுப்பான். அறிவிப்பு வாசிப்பதைக் கேட்கவேண்டுமே, "வருகிற புதன்கிழமை மாலை பெண்கள் ஐக்கியச் சங்கம்" என்று அதே இழுவையில் வரும். ஆராதனையில் நாம் அவர்களைப் பார்த்தபோதெல்லாம் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். இதையெல்லாம் எப்போது கேட்டார்கள்? அதனால்தான் சொல்கிறேன், சிரிக்கிற பிள்ளை கேட்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "சேட்டை பண்ணினா இயேசப்பா அடிப்பார்" என்ற பேச்சை வீட்டில் யாருமே பேச விடாதீர்கள். சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் அது சுலபமான வழிதான். ஆனால் டேங்க் மூடியை நம்பிச் சொல்வதற்குப் பிள்ளைக்கு இருக்கிற ஓர் இடத்தை நாமே அடைத்துவிடுகிறோம். விருந்தாளிகள் முன்னால் நிறுத்தி வசனம் சொல்ல வைப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. தானாக ஓடிவந்து "இயேசு கண்ணீர் விட்டார், யோவான் பதினொன்று முப்பத்தைந்து" என்று சொன்னால், எல்லாவற்றிலும் சின்ன வசனத்தைப் பிடித்துவிட்டான் என்று நினைக்காமல் தூக்கி முத்தம் கொடுங்கள்.

ஐந்து மணி வேத வாசிப்புக்கு வருகிறேன். உங்கள் மாவட்டத்து டோனாவூரை நினைத்துப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். 1901-ல் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி அவரிடம் வந்தாள். அப்புறம் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், ஊர் ஊராகப் போவது குறைந்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதை அவரே எழுதியிருக்கிறார். ஆணி பாய்ந்த கால்களை உடையவர்மேல் உள்ள அன்பினால் அந்தக் கட்டுக்குச் சம்மதித்ததாகவும் எழுதினார். 1951-ல் டோனாவூரிலேயே இறக்கும்வரை பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'தான். பால் கொடுப்பதையும் ராத்திரி விழித்திருப்பதையும் ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று அவர் எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். சங்கீதம் முழுதாக வேண்டியதில்லை, காலையில் ஒரே வசனத்தை வாசித்துவிட்டு, தோசை ஊற்றும்போது பிள்ளைகள் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருங்கள். எனக்குத் தெரிந்து பிள்ளைகள் அப்படித்தான் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

முடிந்தால் வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரோடும் தனியாகக் கொஞ்ச நேரம் இருங்கள். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில், வறுமையும் கடனுமான வீட்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி. ஜான் வெஸ்லி பெரியவரான பிறகும் அந்த வியாழன் மாலையை நினைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு இரண்டே பேர்தான். மூத்தவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாலே போதும்.

அத்தை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வருந்தாதீர்கள். பிள்ளைகள் கர்த்தருக்குள் வளர வேண்டும் என்ற ஆசையில்தான் பேசுகிறார்கள். அத்தையிடம் கீர்த்தனை பாடச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தலைமுறைக்கு வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் புத்தகம் பார்க்காமலே வரும். தஞ்சாவூரில் பேரெடுத்தவர் என்றாலும் 1774-ல் அவர் பிறந்தது உங்கள் பக்கத்தில்தான். முழங்காலில் அசையாமல் நிற்க வராத பிள்ளைகளும் கைத்தாளம் போட உடனே வந்துவிடுவார்கள். குடும்ப ஜெபத்தின் பாட்டு நேரத்தை அத்தை கையில் கொடுத்துவிடுங்கள். பாட்டுப் புத்தகமும் கிழியாமல் தப்பிக்கும். பிள்ளைகள் எந்தப் பாட்டை முதலில் பிடித்துக்கொண்டார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா