சேலத்திலிருந்து விஎஃப்எக்ஸ் வேலைக்கு: கேள்வி பதில்

அஸ்தம்பட்டியில் வளர்ந்தவள் நான். சென்னையிலும் ஹைதராபாத்திலும் சினிமா விஎஃப்எக்ஸில் (கம்ப்யூட்டரில் செய்யும் காட்சி வேலை) காம்பாசிட்டராக, அதாவது தனித்தனியாக உருவானவற்றை ஒரே காட்சியாகச் சேர்ப்பவளாக, வேலை பார்த்து வருகிறேன். இந்தத் துறைக்கு வருவது பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஒரு இன்ஸ்டிடியூட்டில் பதினைந்து சாஃப்ட்வேர் சொல்லித் தருகிறோம் என்கிறார்கள். சேரலாமா? (அம்மாபேட்டை)

பதில்: அந்தப் பட்டியலை நம்பிச் சேர வேண்டாம், தம்பி. ஸ்டூடியோவில் ரோட்டோ (உருவத்தின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பிரிப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணக்கிடுவது), லைட்டிங், எஃப்எக்ஸ் (தீ, புகை, தண்ணீர்), காம்பாசிட்டிங் என்று வேலை தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. அதில் ஒன்றில் ஒரு ஷாட்டை முழுதாக முடிக்கத் தெரிந்தவரைத்தான் எடுப்பார்கள். பணம் கட்டும் முன் போன பேட்ச் மாணவர்கள் செய்த ஷாட்களைத் தொகுத்த வீடியோவை, அதாவது ஷோரீலைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை வீட்டிலேயே தொடங்கலாம். பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் இலவசம். காம்பாசிட்டிங்குக்கான நியூக்கின் வணிகமல்லாத பதிப்பும் எஃப்எக்ஸுக்கான ஹூடினி அப்ரெண்டிஸும்கூட இலவசம்தான். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் அதற்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

கேள்வி: ஷோரீல் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: ஒரு நிமிடம் போதும். சிறந்த ஷாட்டை முதலில் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் நீங்கள் செய்தது எது என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் (CAD) டிசைன் வரைகிறேன். இது சினிமாவுக்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். உங்கள் கையில் இருக்கும் அறிவு பலருக்கு இல்லை. ஆனால் முறை மாறும். கொலுசு வார்க்கும் அச்சுக்கு வரையும்போது மில்லிமீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். சினிமா மாடலில் பாலிகன் (மாடலின் மேற்பரப்பை ஆக்கும் சிறு கட்டங்கள்) ஒழுங்காக ஓட வேண்டும், டெக்ஸ்சர் (மேற்பரப்பின் நிறமும் தேய்மானமும்) போட யுவி பிரிக்க வேண்டும், அதாவது மேற்பரப்பைத் தட்டையாக விரிக்க வேண்டும். அப்புறம் பழைய கொலுசு ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் தேய்ந்து பளபளக்கும், மணிகளின் இடுக்கில் கறுப்பு ஏறியிருக்கும். அதை அப்படியே டெக்ஸ்சரில் கொண்டுவாருங்கள். காலில் போட்டுப் பழகிய ஒரே ஒரு கொலுசு, புதுசாக மின்னும் பத்து நகைகளைவிட உங்கள் ரீலுக்குப் பலம் சேர்க்கும்.

கேள்வி: பயிற்சி செய்ய ஃபுட்டேஜ் எங்கே கிடைக்கும்? (கன்னங்குறிச்சி)

பதில்: பிளெண்டர் அமைப்பு 2012-இல் எடுத்த ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படத்தின் மூல ஃபுட்டேஜ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் நீங்களே எடுங்கள் என்பேன்.

உங்கள் பக்கத்திலேயே பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இருக்கிறது. அந்த நிறுவனம் 1940-இல் எடுத்த ‘உத்தம புத்திர’னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். முதல் பயிற்சியாக அதையே செய்து பாருங்கள். ஃபோனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, நீங்களே இரண்டு பக்கமும் நின்று எடுத்து ஒன்றாகச் சேருங்கள்.

அடுத்து ஏற்காடு போங்கள். லேடீஸ் சீட்டில் நின்ற இடத்திலிருந்தே கேமராவைத் திருப்பி எடுத்தால் மேட்ச்மூவுக்கு ஆழம் கிடைக்காது. பக்கத்தில் ஒரு கம்பி, நடுவில் மரம், பின்னால் மலை தெரியும்படி நடந்துகொண்டே எடுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஃபோன் தானாக ஃபிரேமை நகர்த்தி வெட்டி, டிராக்கிங்கைக் குழப்பிவிடும். பனிமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. பனியில் தூரத்து மரத்தின் நிழல்கூடக் கறுப்பாக இருக்காது, சாம்பலாக வெளுத்திருக்கும். நீங்கள் அங்கே வைக்கும் சிஜி (கம்ப்யூட்டரில் உருவாக்கிய) பொருளின் கறுப்பும் அந்த அளவுக்கு வெளுக்க வேண்டும். புதியவர்கள் பலரின் ஷாட் ஒட்டவைத்ததுபோல் தெரிய இதுதான் பெரிய காரணம். இதைப் பழகக் கொண்டை ஊசி வளைவுகளைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: ஏஐ வந்த பிறகு ரோட்டோ கற்றுப் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். நியூக்கில் 2021-லேயே காப்பிகேட் என்ற ஏஐ கருவி வந்துவிட்டது. சில ஃபிரேம்களில் நாம் செய்ததைப் பார்த்துக் கற்று மீதியைச் செய்யும். சாதாரண ரோட்டோ வேலை குறைந்துகொண்டுதான் போகும். தலைமுடி, வேகமான அசைவில் கலங்கும் விளிம்பு போன்ற இடங்களில் அது பிசகினால் கண்டுபிடித்துத் திருத்தும் ஆள் தேவை. அதனால் ரோட்டோவோடு காம்பாசிட்டிங்கையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: மகன் இதற்குத்தான் போவேன் என்கிறான். வேலை நிலைக்குமா, மேடம்? (ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா)

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. இது படத்தை நம்பி ஓடும் வேலை. 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது இந்திய ஸ்டூடியோக்களுக்கும் வேலை குறைந்தது. 2025 தொடக்கத்தில், பல நாடுகளில் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோ வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவில் ஏராளமானோர் ஒரே நேரத்தில் வேலை இழந்தார்கள். தொடக்கச் சம்பளமும் குறைவு, டெலிவரி நெருங்கினால் ராத்திரி வேலையும் உண்டு. முதல் இரண்டு வருடம் சென்னை வாடகைக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் உதவ முடியுமா என்று பாருங்கள். ஒரு டிகிரியும் கையில் இருக்கட்டும். வேலை தருகிறோம் என்று டெபாசிட் கேட்டாலோ, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அங்கே சேர விடாதீர்கள்.